கால் பட்ட இடம்

உள்ளே வாருங்கள் சார். தாராளமாக அளக்கலாம். சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற இந்த லைனில் உங்களுக்குக் கதவு திறக்கிற வீடு இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றீர்கள். நின்ற வாசலெல்லாம் சாத்திக்கொண்டது. மூலை வீட்டு மிக்கேல் அண்ணன் நாயை அவிழ்த்துவிட்டார். அது கடிக்காது. அதற்குப் பல் விழுந்து வெகுகாலம் ஆகிறது. மிக்கேல் அண்ணனுக்கும் அப்படித்தான். யூனியனில் இருந்தபோது குரைத்த குரல் மட்டும் மிச்சம்.

இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அந்தப் படத்தின் மேல் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்து கிடக்கிறதென்று எடுத்து மாட்டிவிடாதீர்கள். நான்தான் இறக்கிச் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர். ஏகாம்பரம் என்று பெயர். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. ஏன் தரையில் வைத்தேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் சுலோச்சனா. நாட்டின் தங்கத்தைத் துரத்தியடித்தவள்.

சிரிக்காதீர்கள். நான் சொல்லவில்லை, இந்த லைன் சொல்கிறது. சுரங்கம் மூடிய நாளிலிருந்து சொல்கிறது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வெளியூர். இங்கே பாட்டன் காலத்திலிருந்து ஒரு பேச்சு உண்டு. பெண் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் தங்கம் கோபித்துக்கொண்டு விலகிப் போய்விடும். அதனால் எந்தப் பெண்ணும் சாப்பாட்டுக் கேரியரோடு ஷாப்ட் வாசலில், அந்த இறங்கு குழியின் வாயில், நின்றுவிடுவாள். அதற்கு அந்தப் பக்கம் ஆண்கள் மட்டும். உள்ளே இருக்கிற தங்கம் ஏதோ சன்னியாசி மாதிரி.

நான் இறங்கினேன். ஆசைப்பட்டு இறங்கவில்லை. சம்பளத்துக்கு இறங்கினேன்.

அப்போது கம்பெனி விருந்தினர் விடுதியில் எனக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாளுக்குச் சுரங்கம் பார்க்க வேண்டும். ஆனால் ஆட்களைக் கீழே இறக்குகிற கூண்டுக்குள் அத்தனை ஆண்களுக்கு நடுவில் தனியாக நிற்கக் கூச்சம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, இவளும் வரட்டும் என்று இந்தியில் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். தலையில் ஒரு தொப்பியை மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். யாராவது அந்த அம்மாளிடம், நீங்கள் இறங்கினால் தங்கம் போய்விடும் என்று சொன்னார்களா? சலாம் போட்டுக் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கீழே ஒன்றும் இல்லை சார். சூடு. ஈரம். ஒரு மேஸ்திரி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பாறையில் ஒரு கோட்டைக் காட்டினார். நீலம் பாய்ந்த கல். பழைய அம்மி மாதிரி இருந்தது. இதுதான் தங்க ரேகை என்றார். இதற்காகவா இத்தனை பேர் செத்தார்கள் என்று நினைத்தேன். மேலே வரும்போது அந்த அம்மாள் வாந்தி எடுத்தார். என் முந்தானையால்தான் துடைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்தார். எனக்கு ஒரே பெருமை. நீங்கள் தினமும் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். என் காலைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலை. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நான் இறங்கிப் போன ஆழத்து மட்டத்தில் ரேகை தீர்ந்துவிட்டது என்றார்கள். பிறகு சுரங்கம் முழுக்க நஷ்டம் என்றார்கள். கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாடே தங்கத்தை வெளிநாட்டில் வாங்கிக்கொள்கிறது, இங்கே தோண்டிக் கட்டுபடியாகவில்லை என்று மிக்கேல் அண்ணன் கூட்டத்தில் விளக்கிச் சொன்னார். ஆண்களுக்கு அது விளங்கியது. வீட்டுக்கு வந்தபிறகு விளங்காமல் போனது. ஏனென்றால் அதற்குள் நவநீதம் குழாயடியில் வேறு கணக்கைச் சொல்லிவிட்டாள்.

நவநீதம் என் நாத்தனார். இவருடைய தங்கை. அதோ எதிர் வீடு, பச்சை ஜன்னல். அவள் புருஷனுக்கு அந்த மட்டத்தில்தான் வேலை. "எங்க அண்ணி காலு பட்டுது, தங்கம் எழுந்து நடந்துபோச்சு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். குழாயடிப் பேச்சு எதுவும் சிரித்துக்கொண்டுதான் தொடங்கும்.

நான் கேட்கிறேன் சார், நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். அந்த டெல்லி அம்மாளும் என்னோடு இறங்கினார். அவர் பாதத்தில் பூட்ஸ், என் பாதத்தில் ரப்பர் செருப்பு. பூட்ஸைப் பார்த்துப் போகாத தங்கம் செருப்பைப் பார்த்துப் போயிற்றா? தங்கத்துக்கு அத்தனை விவரம் தெரியுமா?

இப்படி நான் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு என் குடத்துக்கு முன்னால் ஒரு குடம் இடம் விட்டு வரிசையில் நிற்பார்கள். யார் வீட்டிலாவது கம்மல் திருகாணி காணாமல் போனால், சுலோச்சனா அந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்பார்கள். திருடினேன் என்று அல்ல சார். அதையாவது மறுத்துப் பேசலாம். நான் நடந்து போனேன், அதனால் திருகாணி கழன்றது. இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

நில்லுங்கள், அந்த நுனியை நான் பிடிக்கிறேன். ஒற்றை ஆளாக எப்படி அளப்பீர்கள். இந்தச் சுவர்வரைக்கும் எங்களுடையது. தகரம் நாங்கள் போட்டது, எழுதிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் போகட்டும். நவநீதம் மகள் கல்யாணம். இவர்தான் தாய்மாமன், நான் மாமி. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். தாலியைத் தட்டில் வைத்துத் தேங்காய், அட்சதையோடு நவநீதம் சபையில் கொண்டுவருகிறாள். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணுவார்கள் அல்லவா? தட்டு இவரிடம் வந்தது. தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை நீட்டினேன். தட்டு என் கையைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டது. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சுமங்கலி சார் நான் அப்போது. என் கை நீட்டின இடத்திலேயே நிற்கிறது. இவர் பார்த்தார். ஒரு வார்த்தை, அவளுக்கும் காட்டு என்று ஒரு வார்த்தை, தங்கைதானே, சொல்லியிருக்கலாம். நேராக மேளக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடித்ததில்லை சார். திட்டினதில்லை. உன்னால்தான் என்று ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுரங்கம் மூடியபிறகு விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அந்த ரயிலில் நிற்க இடம் இருக்காது. ராத்திரி திரும்பி வருவார். நான் கதவைத் திறப்பேன். காலைப் பார்ப்பார். உள்ளே வருவார். சாகிறவரைக்கும் அப்படித்தான். கடைசியில் மூச்சு இழுத்துக்கொண்டு இந்தக் கட்டிலில் கிடந்தபோது நான் கால்மாட்டில் உட்காரவில்லை, தலைமாட்டில் உட்கார்ந்தேன். கால் கண்ணில் படக் கூடாதென்று.

சரி. அது முடிந்த கதை. இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

தங்கம் விலை ஏறிக் கிடக்கிறது, உங்களுக்கே தெரியும். திடீரென்று ஜீப்புகள் வர ஆரம்பித்தன. மூடிப்போட்ட சுரங்கத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தார்கள். நாட்டுக்குச் சொந்தமான செல்வம் மண்ணுக்குள் சும்மா கிடக்கக் கூடாதாம். எங்கள் லைனுக்குக் கீழே ரேகை ஓடலாம், துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். மிக்கேல் அண்ணனுக்கு மறுபடியும் குரல் வந்துவிட்டது. "மேல கம்பெனி நெலம், கீழ நாட்டுச் சொத்து. நடுவுல நாம இன்னா, ஒட்டடையா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். கையெல்லாம் தட்டினார்கள்.

குழாயடியில் ஒரு செங்கல்லைப் போட்டுக் கற்பூரம் ஏற்றினார்கள். துளை போட எவரையும் விடமாட்டோம், வாசலில் படுத்துவிடுவோம் என்று ஆளுக்கொருவராக அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். மிக்கேல் அண்ணன் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவரும் அடித்தார். என் முறை வரும்போது கற்பூரம் கரைந்துவிட்டது. நவநீதம் புதிதாக ஒன்று எடுக்கப் போனாள். போதும், அவள் யாருக்கு இடம் கொடுக்கப் போகிறாள் என்று மிக்கேல் அண்ணன் சொல்லிவிட்டார். நான் வெறும் செங்கல்லின் மேல் அடித்தேன். நெருப்பில்லாத செங்கல்லில் அடித்தால் அது சத்தியமா சார்? எந்த சாமி அதை ஒத்துக்கொள்ளும்?

இந்த லைனில் கடைசி வீடு என்னுடையது. பின்பக்கம் வண்டிப் பாதை. மற்ற வீடுகளுக்கு வாசல் ஒன்றுதான். அதனால் ஜீப்பில் வந்தவர்களில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். கல்லைப் பார்த்துத் தங்கம் சொல்கிற படிப்பு படித்தவள். ஹாசன் பக்கத்துப் பெண், சுமனா என்று பெயர். கன்னட வாடை அடிக்கிற தமிழ்தான், ஆனால் மரியாதையான பெண். திண்டாடிக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். நீ சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"நெறைய தடவை இறங்கியிருக்கேன் அம்மா. எங்க வேலையே அதுதானே."

"தங்கம் விலகிப் போவலியா?"

அவளுக்குப் புரியவில்லை. விளக்கமாகச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள் சார். முகத்தைப் பார்த்தாள்.

"கல் எங்கேம்மா போகும்? அது கோடி வருஷமா அங்கேயே இருக்கு. விலைதான் போகும், வரும். தோண்டுற செலவு விலையைவிட ஜாஸ்தி ஆனா அதைச் சொத்துக் கணக்கிலேருந்து எடுத்துடுவாங்க. வெறும் கல்லுன்னு சொல்லிடுவாங்க. விலை ஏறினா அதே கல்லு திரும்பவும் சொத்து."

"அப்ப மூடுன அன்னிக்கும் கீழ தங்கம் இருந்துது."

"இருந்திருக்கும்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். இந்தப் படம் அப்போது ஆணியில் இருந்தது. அதன் பக்கம் திரும்பி நின்று சொல்லச் சொன்னேன். பாவம், அதையும் செய்தாள்.

ஆனால் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? நாளைக்கு நான் குழாயடியில் சொன்னால், கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறாள் என்பார்கள். கல் மேலே வர வேண்டும். எல்லார் கண்ணிலும் பட வேண்டும். வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவா என்று சுமனாவிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே என் குளியல் மறைப்பைப் பிரித்துப் போட்டேன். பின்பக்க வேலியை அறுத்தேன். விடிந்து லைன் முழுக்க முன்பக்கம் படுத்துக் கிடக்கிறது, தண்ணீர் லாரியும் துளை போடுகிற வண்டியும் பின்பக்கமாக என் கொல்லைக்குள் வந்துவிட்டன. மிக்கேல் அண்ணன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே வந்து பார்த்தார். நாய்தான் குரைத்தது.

தயாளன், என் மகன், பெங்களூர் ரயிலைவிட்டு இறங்கி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "யாருக்கும்மா நிரூபிக்கிற? அப்பாதான் போயிட்டாரே" என்றான். அப்பா போய்விட்டார், அவர் பேசாமல் இருந்தது போய்விட்டதா என்று கேட்டேன். அதிலிருந்து அவனும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கு அப்பன் வழிச் சொத்து.

வண்டி இரவும் பகலும் ஓடியது. வீடே பல்லைக் கடித்தது. துளைக்கு ஊற்றுகிற தண்ணீர் லாரியில் மீதம் இருக்கும். லைனில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கேட்டு வாங்கி டிரம்மில் நிரப்பி வாசலில் வைத்தேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஒரு குடம் குறையவில்லை. நவநீதம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் டிரம்மைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போனாள். போகட்டும். எனக்கென்ன.

கல் உருட்டுக் கம்பி மாதிரி வெளியே வந்தது சார், துண்டு துண்டாக. மரப் பெட்டியில் வரிசையாக அடுக்கினார்கள். ஒன்றில் மஞ்சளாக மினுங்கியது. ஓடிப்போய் எடுத்தேன். சுமனா சிரித்தாள். மினுங்குவது தங்கமில்லை அம்மா என்றாள். வேறொரு துண்டைக் காட்டினாள். நீலம் பாய்ந்த கல். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மேஸ்திரி விளக்கில் பார்த்த அதே அம்மிக் கல். அதே முகம். அது எங்கேயும் போகவில்லை சார். எங்கள் காலுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறது. நான் குடம் தூக்கி நடந்தபோதும், கையை நீட்டியபோதும், இவர் இந்தக் கட்டிலில் கிடந்தபோதும் அது இங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஒரு சின்னத் துண்டு கேட்டேன். கொடுக்க முடியாது அம்மா, இது நாட்டுச் சொத்து என்றாள். நியாயம்தான். ஆனாலும் பாருங்கள், படத்துக்கு முன்னால் இருக்கிறதே, அது. அது எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்களும் எழுத வேண்டாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ரேகை இருக்கிறது. லைன் முழுக்க அடியில் ஓடுகிறது. அடுத்த வாரமே நோட்டீஸ் வந்துவிட்டது. எல்லார் வாசலிலும் ஒட்டினார்கள். காலி செய்ய வேண்டுமாம். மற்றவர்கள் கிழித்துப் போட்டார்கள். நான் கிழிக்கவில்லை. ஏன் கிழிக்க வேண்டும்? என் வாசலில் சர்க்கார் முத்திரையோடு எழுதி ஒட்டியிருக்கிறது, இந்த வீட்டுக்கு அடியில் தங்கம் இருக்கிறதென்று. இத்தனை வருடத்தில் என் சார்பாக எவராவது ஒரு வரி எழுதியதுண்டா?

வீடு போகுமே என்கிறீர்களா? உங்கள் முகத்தில் தெரிகிறது. வீடு சார், தட்டியும் தகரமும். எங்கள் பெயரில் பட்டாவா இருக்கிறது? தயாளன் பெங்களூரில் ஒற்றை அறை பார்த்திருக்கிறான். எனக்கு அங்கே இடம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது பிறகு. மிக்கேல் அண்ணனுக்குப் போக்கிடம் இல்லை, தெரியும். நவநீதம் பெண்ணோடு போய் இருக்க முடியாது, மருமகன் சரியில்லை, அதுவும் தெரியும். நானா கல்லை அடியில் வைத்தேன்? அவர்கள்தானே தங்கம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார்கள். இதோ இருக்கிறது.

இருங்கள். எதிர் ஜன்னல் திறக்கிறது. திரும்பிப் பார்க்காதீர்கள், அளந்துகொண்டே இருங்கள். நவநீதம்தான். பல வருடமாக என் பக்கம் திறக்காத ஜன்னல் அது. கேளுங்கள், என்ன சொல்கிறாள்.

"அண்ணி! அன்னிக்கு எறங்கித் தங்கத்தத் தொரத்துன. இன்னிக்குத் தங்கத்தக் கூட்டியாந்து எங்களத் தொரத்துற. நல்லா இருப்பியா நீ?"

கேட்டீர்களா? கேட்டீர்களா சார்? தங்கம் வந்துவிட்டது என்று அவள் வாயால் சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை, நீங்களே சாட்சி. இருக்கிறதென்று ஒத்துக்கொண்டுவிட்டாள். அண்ணி என்றும் கூப்பிட்டாள், கவனித்தீர்களா? அவள் மகள் கல்யாணத்துக்கு முன்பு கூப்பிட்டது. குரல் அப்படியே இருக்கிறது. அழுகிறாள் போலிருக்கிறது. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கத்தினால் கண்ணீர் வந்துவிடும்.

ஜன்னலை மூடிவிட்டாள்.

சரி, உங்கள் வேலையைப் பாருங்கள். கதவில் பெயிண்டால் நம்பர் போடுவீர்களாமே. எனக்குக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், எதிர் வீட்டிலிருந்து தெரிகிற மாதிரி.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா. கேட்கவில்லையா? கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தயாளன் ஆணியை உயரத்தில் அடித்துவிட்டான். அங்கிருந்து இவர் பார்வை என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. முடிவு வந்த அன்று இறக்கி இங்கே வைத்தேன். இப்போது சரியான உயரம். சற்று விலகி நில்லுங்கள் சார், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள். பெரியவர்களுக்கு முன்னால் பெண் பிள்ளை கால் நீட்டி உட்காரக் கூடாது என்பார்கள், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நான் தினமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான் உட்காருகிறேன். இரண்டு காலையும் நீட்டி, அவருக்கு நேராக.

பார்க்கட்டும்.